கடைசி இருக்கைக்காரன்

தினமும் விடியற்காலையில் பள்ளிக்கூட வாசலைத் திறப்பேன். கூரைச் சூரியத் தகடுகளில் படிந்த உப்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவேன். வகுப்பறைக் குளிரூட்டிகளை ஓடவிடுவேன். ஆறு மணிக்கு மணியடிப்பேன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதால் தூத்துக்குடியில் இப்போது எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் இதே நேரம்தான். மணியடித்து முடித்ததும், புதிதாகப் பயிற்சி ஏதும் வந்திருந்தால், அதே வளாகத்தில் கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பயிற்சி மையத்துக்குப் போய் என் இன்னொரு வேலையைப் பார்ப்பேன்.

புரியாமல் இருப்பதுதான் அந்த வேலை.

சிரிக்க வேண்டாம். நியமன ஆணை உண்டு, அடையாள அட்டை உண்டு. பெயர் தஸ்நேவிஸ், பதவி கடைசி இருக்கை உறுப்பினர், தென்மண்டலம். யாராவது விசாரித்தால் என் மனைவி டெல்பின், "அவ்வோ கவர்மெண்ட்ல பெரிய மக்கு" என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகம் போகிற போக்கைப் பார்த்து ரசிப்பாள்.

நான் பிறப்பதற்கு முன்னால் நிலைமை வேறாக இருந்ததாம். பள்ளிப் பணியாளர்களுக்குப் பயிற்சி தயாரிப்பவர்கள், நன்றாகக் காது கேட்கிற, நன்றாகக் கண் தெரிகிற, கடகடவென்று வாசிக்கிற ஓர் ஆளை மனதில் வைத்துக்கொண்டு தயாரிப்பார்கள். மற்றவர்களுக்கு 'மாற்றுப் பிரதி' என்று ஒன்று, ஆறு மாதம் கழித்து, பாதி விஷயம் இல்லாமல் வந்து சேரும். ஏதோ ஓர் ஊரில் ஆய்வகத்தில் வாயு கசிந்தபோது, காது கேட்காத உதவியாளர் ஒருவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. பயிற்சி முழுக்க ஒலியில் இருந்தது. அவருடைய பிரதி அச்சாகிக்கொண்டிருந்தது. அவர் பிழைக்கவில்லை.

அதன் பிறகுதான் கடைசி இருக்கைச் சட்டம் வந்தது. பள்ளிப் பணியாளருக்கான எந்தப் பயிற்சியும், அது யாருக்கு மிகவும் கடினமோ அவருக்குப் புரிந்த பிறகுதான் வெளியே போகும். எந்த வடிவத்தில் அவருக்குப் புரிந்ததோ, அதே வடிவம்தான், ஓர் எழுத்துகூட மாறாமல், எல்லோருக்கும் போகும். தலைமையாசிரியருக்கும் அதுதான், வேன் ஓட்டுநருக்கும் அதுதான், சத்துணவு ஆயாவுக்கும் அதுதான். மாற்றுப் பிரதி என்ற சொல்லையே சட்டம் தடை செய்துவிட்டது.

எங்கள் மண்டலத்தில் காதுக்கு ஓர் இருக்கை உண்டு, கண்ணுக்கு ஒன்று, நடுங்கும் கைகளுக்கு ஒன்று. அவர்களையெல்லாம் தாண்டிக் கடைசியாக வருவது என்னிடம். எனக்கு எழுத்துகள் நிற்காது. 'ழ'வைப் பார்த்தால் வாலை ஆட்டும். நீளமான வாக்கியம் என்றால், முடிவுக்கு வரும்போது தொடக்கம் கடலுக்குப் போயிருக்கும். பெரிய பெரிய சொற்கள் என் தலைக்குள் வந்து, உட்கார இடம் தேடி, கிடைக்காமல் நின்றபடியே திரும்பிவிடும். பள்ளிக்கூடத்தில் இதற்காக அடி வாங்கினேன். அரசாங்கம் இதற்காகவே கூப்பிட்டு நாற்காலி போட்டபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக என் மண்டையைத் தடவிக் கொடுத்தேன்.

வேலையை நன்றாகவே செய்தேன் என்றும் சொல்லிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயிற்சி எத்தனையோ தடவை எனக்குப் புரியாமல் போனது. கடைசியில், "உங்கள் மகள் பிரகாசி வேர்க்கடலை தின்கிறாள். மூச்சு நிற்கிறது" என்று ஆரம்பித்தார்கள். உடனே புரிந்துவிட்டது. எடுத்துக்காட்டில் பெயரை மட்டும் மாற்றலாம் என்பதால், அந்த வடிவம் எல்லோருக்கும் அவரவர் வீட்டுப் பிள்ளையின் பெயரோடு போனது. பிறகு சங்கரன்கோவில் பக்கம் ஒரு வேன் ஓட்டுநர் அதை வைத்து ஒரு பையனைப் பிழைக்க வைத்தார் என்று செய்தி வந்த அன்று, எங்கள் தெருவுக்கே நான் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். நான் புரியாமல் இருந்ததால் ஓர் உயிர் பிழைத்தது. இதைவிட ஒரு மக்குக்கு என்ன மரியாதை வேண்டும்?

அன்று செவ்வாய்க்கிழமை. பிரகாசி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்றாம் வகுப்பு.

"எப்பா, மிஸ் எங்கிட்ட கேள்வியே கேக்க மாட்டுக்காவ."

"யோகக்காரிளா நீ! என்னையெல்லாம் கேள்வி கேட்டுக் கேட்டுக் காதத் திருகி எடுத்துட்டாவ. இங்கரு, இந்தக் காது கொஞ்சம் நீளமா இருக்குல்லா?"

நின்று, இரண்டு காதையும் அளந்து பார்த்தாள். "ரெண்டுமே நீளந்தாம்ப்பா."

"அப்ப அது பரம்பரைச் சொத்து."

"எனக்கும் பக்கத்துல இருக்க சிலுவைக்கும் மட்டும் நீல விளக்கு. மத்தவங்களுக்கெல்லாம் பச்சை."

"நீலம் கடல் கலரு. பச்சை என்னது? பாசி கலரு. உனக்கு எது வேணும், சொல்லு."

"கடல்," என்று சிரித்தாள். வகுப்பு வாசலில் கையை விட்டவள் மறுபடியும் கேட்டாள். "அப்ப ஏம்ப்பா கேக்க மாட்டுக்காவ?"

மணிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன்.

விளக்கு விஷயம் இதுதான். ஜூன் மாதத்திலிருந்து எங்கள் பள்ளியில் மாதிரித் திட்டம் ஒன்று ஓடுகிறது. ஒவ்வொரு மேசையிலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு விளக்கு. கணிப்பி என்ற மென்பொருள் பிள்ளைகளைக் கவனித்து எந்த மேசைக்கு எந்த நிறம் என்று சொல்லும். மாதிரித் திட்டம் என்பதால் தனிப் பயிற்சி கிடையாது, ஆசிரியருக்குக் காதுக்கருவியில் குறிப்பு மட்டும் வரும். நீலம் எரிந்தால் அது 'அமைதி மேசை'. பிள்ளையைத் தொந்தரவு செய்யாமல் அதன் போக்கில் விட வேண்டும் என்றார்கள். என் காலத்தில் இப்படி ஒரு விளக்கு இருந்திருந்தால் என் காதுகள் தப்பியிருக்குமே என்று எனக்கு ஒரே பெருமிதம். மேசை மேசையாகப் போய் அந்த விளக்குகளைத் திருகி மாட்டியதே நான்தான்.

மணியடித்துவிட்டு மையத்துக்குப் போனபோது இசக்கி மேடம் பிரெய்ல் பலகையில் விரல் ஓட்டிக்கொண்டிருந்தார். பயிற்சிகளுக்கு வடிவம் கொடுப்பவர் அவர். பிறவியிலேயே கண் தெரியாது. என் செருப்புச் சத்தத்தை வைத்தே எனக்கு அன்று என்ன மனநிலை என்று சொல்லிவிடுவார்.

"என்னண்ணே, எழுத்தெல்லாம் இன்னைக்கு ஆடுதா, உக்காந்திருக்கா?"

"கச்சேரியே நடக்கு மேடம். உங்களுக்கு என்ன, உங்க எழுத்து விரலுக்கு அடங்கிக் கெடக்கும்."

"அது உங்க நெனைப்பு. உங்க உச்சந்தலைக்கு ஏத்த மாதிரி எழுதறதுக்குள்ள என் விரல் தேஞ்சு போகுது."

துணை இயக்குநர் கோமதிநாயகம் சாரும் வந்திருந்தார். அவர் நேரில் வருவது அபூர்வம். கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடித்திரையை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "என்ன வே தஸ்நேவிஸ், இன்னைக்குச் சட்டுனு புரிஞ்சிருமா? இன்னைக்கே மாநிலம் பூராவும் போகணும்" என்றார்.

"என் கையில என்ன சார் இருக்கு? மண்டைகிட்டச் சொல்லி வைக்கேன்."

என் இருக்கையில் உட்கார்ந்தேன். நெற்றியில் புரிமானிப் பட்டையைக் கட்டினார்கள். சிவப்பு எரிந்தால் புரியவில்லை. மஞ்சள் எரிந்தால் அரைகுறை. பச்சை எரிந்தால் புரிந்தது. ஆனால் மானி மட்டும் போதாது, நானும் வாயைத் திறந்து "புரிஞ்சது" என்று சொல்ல வேண்டும். ஒரு மனிதனுக்குப் புரிந்ததா இல்லையா என்பதை ஒரு கருவி மட்டும் முடிவு செய்யக்கூடாது என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். நல்லவர்கள்.

வடிவி பேசத் தொடங்கியது. அதுதான் எனக்குப் புரிகிறவரை பயிற்சியைத் திருப்பித் திருப்பி எழுதும் இயந்திரம். பெண்குரல்.

"எதிர்காலப் பயன்மதிப்பின் அடிப்படையில் வகுப்பறைக் கவன வளத்தை மறுபகிர்வு செய்வதில் பணியாளரின் பங்கு."

"புரியல," என்றேன். பட்டை சிவப்பு. ஆரம்பத்தில் எப்போதும் இப்படித்தான். யாரும் கவலைப்படவில்லை.

"ஆசிரியரின் கவனம் ஓர் அரிய வளம். அதை அதிகப் பலன் தரும் இடத்தில் செலவிட வேண்டும்."

"உப்பளத்துல பாத்திக்குத் தண்ணி பிரிச்சு விடுற மாதிரியா மேடம்?"

"அப்படித்தான்னு வச்சுக்கிடுங்கண்ணே. புரிஞ்சுதா?"

"உப்பளம் புரிஞ்சது. பயிற்சி புரியல."

கோமதிநாயகம் சார் சிரித்தார். வடிவி அடுத்ததாகப் படம் காட்டியது. மேசையில் அதே படம் இசக்கி மேடத்துக்காகப் புடைப்பாக எழும்பியது. வரிசையாகச் செடிகள். சிரித்த முகத்தோடு ஒரு பூவாளி ஒவ்வொரு செடியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருகிறது. நீலக்கொடி நட்ட ஒரு செடியைச் சாயாமல் தாண்டிப் போகிறது. 'சில செடிகளுக்கு இளைப்பாறல் தருக.'

"மேடம், அந்தச் செடிக்கு ஏன் தண்ணி ஊத்தல?"

"அது இளைப்பாறுதுண்ணே."

"தண்ணி இல்லாமயா?"

சத்தியமாகக் கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டேன். புடைப்புப் படத்தின் மேல் போய்க்கொண்டிருந்த இசக்கி மேடத்தின் விரல் நீலக்கொடிச் செடியில் நின்றது. பின்னால் போய்ப் பூவாளியைத் தடவிப் பார்த்தது. மறுபடியும் செடிக்கு வந்தது.

"அவருக்கு உவமையெல்லாம் ஆகாதுன்னு தெரியும்லா," என்றார் கோமதிநாயகம் சார். "நேரடியாப் போங்க."

வடிவி நேரடியாகப் போனது. "கணிப்பி நீல விளக்குக் காட்டும் பிள்ளையிடம் கேள்வி கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையின் நோட்டைத் திருத்தாதீர்கள். அமைதியாக விட்டுவிடுங்கள்."

பட்டை மஞ்சளானது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி இருந்தது. "இது எனக்குத் தெரியுமே! எங்க பிரகாசிக்கு நீலந்தான். அமைதி மேசை. விளக்கு மாட்டுனதே நாந்தான் மேடம்."

பட்டையை நெற்றியில் சரிசெய்துகொண்டேன்.

"என்ன செய்யணும்னு புரியுது. ஏன்னுதான் புரியல. பிள்ளையத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதானே?"

இசக்கி மேடம் முகத்தைக் கோமதிநாயகம் சார் இருந்த பக்கம் திருப்பினார். "ஏன் சார்?"

"உள்ளடக்கம் மேலேருந்து வருது இசக்கி. நாம அதைக் கேக்கறதில்லையே. வடிவம் மட்டுந்தானே உங்க வேலை."

அதற்குள் வடிவியே பதில் சொல்லத் தொடங்கியிருந்தது. எனக்கு 'ஏன்' புரியவில்லை என்பதை அது பட்டையிலிருந்து படித்துவிட்டது. சின்னச் சின்ன வாக்கியங்கள். என்னைப் போன்றவனுக்கென்றே இசக்கி மேடம் அதற்குக் கற்றுக்கொடுத்த வாக்கியங்கள்.

"கணிப்பி ஒவ்வொரு பிள்ளையையும் எடை போடுகிறது. நீலப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் லாபம் இல்லை. ஆகவே சொல்லிக்கொடுக்க வேண்டாம். அந்த நேரத்தைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுங்கள்."

இசக்கி மேடத்தின் இரண்டு கைகளும் சூடான தோசைக்கல்லில் பட்டது போலப் பலகையிலிருந்து எழும்பி, அப்படியே காற்றில் நின்றன.

"சார். இதுதானா? முதல்ல வந்த வாக்கியத்துக்கும் இதுதான் அர்த்தமா?"

"அது கொஞ்சம் முரட்டுத்தனமா எழுதியிருக்கு. கருத்து வந்து..."

"நான் மூணு மாசமா இதுக்கு வடிவம் போட்டுட்டிருக்கேன் சார். பூவாளிக்குச் சிரிப்பு வச்சது நான்."

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்ததா? பட்டை இன்னும் மஞ்சளில்தான் நின்றது. ஒரு தகப்பனுக்கு இந்த இடத்தில் மண்டையில் இடி விழுந்திருக்க வேண்டும். என் மண்டையோ, இது வேறு நீலமாக இருக்கும் என்று சொன்னது. நீலத்தில் எத்தனையோ நீலம் இருக்கிறதே. எங்கள் பள்ளியில் எரிவது கடல் நீலம். நான்தான் காலையில் சொன்னேனே.

"வடிவி, நிறுத்து," என்றார் இசக்கி மேடம்.

அது நிற்கவில்லை. மஞ்சளில் இருக்கும்போது நிறுத்த யாருக்கும் அதிகாரமில்லை. அரைகுறையாகப் புரிந்த ஆளை அப்படியே வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று விதி எழுதியவரே இசக்கி மேடம்தான். அதற்கடுத்த விதியும் அவருடையதுதான். மற்ற எல்லாம் தோற்றால், கற்பவரின் சொந்த வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. வேர்க்கடலைப் பயிற்சியில் கண்டுபிடித்த விதி.

"எடுத்துக்காட்டு," என்றது வடிவி, அதே கனிவான குரலில். "உங்கள் மகள் பிரகாசி. ஒன்றாம் வகுப்பு. நீல விளக்கு. அவளுக்கும் எழுத்துகள் நிற்பதில்லை, அவள் அப்பாவைப் போல. அப்பா இந்த இருக்கையில் புரியவில்லை என்று சொன்ன எல்லாத் தடவைகளும் கணிப்பியிடம் இருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் பிரகாசியை எடை போட்டது. பிரகாசிக்கு வாசிக்கக் கற்றுத்தர வேண்டாம். உங்கள் பள்ளியில் ஜூன் மாதமே நிறுத்தியாகிவிட்டது."

பச்சை.

நெற்றியில் இருக்கும் விளக்கை நான் பார்க்க முடியாது. கோமதிநாயகம் சாரின் முகத்தில் அந்தப் பச்சை வெளிச்சம் விழுந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அந்த விளக்குகளைத் திருகிய ஸ்க்ரூடிரைவர் ஞாபகம் வந்தது. சிவப்புப் பிடி. கடைசி வரிசையில் ஒரு திருகு சரியாக உட்காராமல், பிள்ளைகள் கையில் கீறிவிடுமே என்று, துணி சுற்றி இரண்டு தடவை முறுக்கினேன். அது பிரகாசி உட்காரும் மேசை. கைகள் எங்கே இருக்கின்றன என்று தேடினேன். மடியில்தான் இருந்தன, வேறு யாருடையதோ போல.

இத்தனை வருடமும் நான் சொன்ன "புரியல" எல்லாம் யாருக்கோ உதவிக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அவை ஓர் இடத்தில் சேர்ந்து, என் பிள்ளையின் மேசைக்கு நிறம் தேடிக்கொண்டிருந்திருக்கின்றன.

கோமதிநாயகம் சார்தான் முதலில் அசைந்தார். "இதை அனுப்ப முடியாது. எடுத்துக்காட்டை எடுத்துருங்க. அந்தச் செடிப் படம் போதும்."

"முடியாது சார்," என்றார் இசக்கி மேடம். குரலில் ஈரமே இல்லை. "எந்த வடிவத்துல புரிஞ்சுதோ அந்த வடிவந்தான். ஒரு எழுத்து மாறக்கூடாது."

"புரியுதா உங்களுக்கு? இப்படியே போனா மூணு லட்சம் பேருக்கும் அவனவன் வீட்டுப் பிள்ளை பேரு வரும். விளக்கு கொஞ்சம் பள்ளிக்கூடத்துலதான் எரியுது. ஆனா கணிப்பி எல்லாப் பிள்ளைங்களையும் எடை போட்டு முடிச்சிருச்சு. ஒவ்வொருத்தனுக்கும் சொந்தத்துல ஒரு நீலம் இருக்கும்."

"அண்ணன் இன்னும் வாயால சொல்லல," என்றார் இசக்கி மேடம். அதோடு சரி. கடைசி இருக்கைக்காரர் பதில் சொல்லும் நேரத்தில் வடிவமைப்பாளர் பேசக்கூடாது. அவர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்துகொண்டார்.

கோமதிநாயகம் சார் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துணை இயக்குநர் ஒருவர் என்னைவிடத் தாழ்வாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். என் கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்திவரை இருந்தவர்.

"தஸ்நேவிஸ், கேளும். புரியலன்னு சொல்லும். எப்பவும் சொல்லுததுதானே. பட்டை பழுதுன்னு எழுதிக்கிடுதேன். உம்ம பிள்ளை விளக்கை இப்பவே, இங்கன இருந்தே, பச்சையாக்குதேன். இன்னைக்கே மிஸ் அவகிட்டக் கேள்வி கேப்பாவ. நாளைக்கு நோட்டு திருத்துவாவ. உமக்கு அதுதானே வேணும்?"

அதுதான் வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். "புரியல" என்பது நான் தூக்கத்தில்கூடச் சொல்லும் வார்த்தை. அது தொண்டையைத் தாண்டி நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தேவிட்டது.

"சிலுவைக்கு?" என்று கேட்டேன்.

"யாரு சிலுவை?"

"அவ பக்கத்துல உக்காந்திருக்க பையன் சார். அவனுக்கும் நீலம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஒரு விளக்கு வே. ஒண்ணே ஒண்ணுதான் என்னால முடியும்."

ஊரைக் காப்பாற்ற நினைத்தேன், மூன்று லட்சம் பேரை நினைத்தேன் என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். இல்லை. பதினொரு மணிக்குப் பிரகாசி வாசலுக்கு வருவாள். என் சுண்டுவிரலைப் பிடிப்பாள். எப்பா, எனக்குப் பச்சை ஆயிட்டு, சிலுவைக்கு ஏம்ப்பா மாறல என்று கேட்பாள். காலையில் ஒரு தடவை கடல், பாசி என்று கதைவிட்டுத் தப்பித்து ஓடிவிட்டேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டு இன்னொரு தடவை அதே முகத்தைப் பார்த்து அதே கதையைச் சொல்ல என்னால் ஆகாது. அவ்வளவுதான் காரணம். அதைவிடப் பெரிய காரணம் என் தலைக்குள் உட்காராது என்பது உங்களுக்கே தெரியுமே.

"புரிஞ்சது சார்," என்றேன். "நல்லாப் புரிஞ்சது."

இசக்கி மேடத்தின் நாற்காலி திரும்பியது. அவர் விரல் பலகையில் 'அனுப்பு' என்ற இடத்தைத் தேடி, கண்டுபிடித்து, அழுத்தியது. வேறு எதுவும் நடக்கவில்லை. மணி அடிக்கவில்லை, சுவர் இடியவில்லை.

பிறகு கோமதிநாயகம் சாரின் கண்ணாடித்திரையில் 'டிங்' என்று ஒரு சத்தம். அவரும் பள்ளித்துறைப் பணியாளர்தானே, அவருக்கும் பயிற்சி வந்துவிட்டது. நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மறுபடியும் மாட்டிப் பார்த்தார். குத்துக்காலிட்டிருந்தவர் மெதுவாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் பெயர் வந்தது என்று நான் கேட்கவில்லை.

"நீங்க போங்கண்ணே," என்றார் இசக்கி மேடம். "பிள்ளையப் போய்ப் பாருங்க."

பட்டையைக் கழற்றாமலேயே வெளியே வந்திருக்கிறேன். கொடிக்கம்பத்தைத் தாண்டும்போதுதான் தெரிந்தது. வளாகத்தில் ஏதோ சரியில்லை. கொஞ்சநேரம் கழித்துத்தான் என்னவென்று பிடிபட்டது. எந்த வகுப்பிலும் பாடம் நடக்கும் சத்தம் இல்லை. பிள்ளைகளின் கசகசப்பு மட்டும் இருந்தது. சமையற்கூட வாசலில் ஆயா ஒருத்தி கரண்டியோடு நின்று கண்ணாடித்திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பருப்பு தீயும் வாசம் வந்தது.

ஒன்றாம் வகுப்பில் ஜோவிட்டா மிஸ் கரும்பலகைத் திரைக்கு முன்னால் நின்றிருந்தார். திரையில் பெரிதாக 'ப' என்ற எழுத்து. வாசலில் என் நெற்றியைப் பார்த்ததும் என் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"தஸ்நேவிஸ் அண்ணே, எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அமைதி மேசைன்னுதான் சொன்னாவ. பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு..."

"எனக்கும் தெரியாது மிஸ். மாட்டுனதே நாந்தான்."

அவர் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது அங்கே கிடந்து கீச்கீச்சென்று ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. மிஸ் பச்சை விளக்குகளைக் கடந்து நடந்தார். பச்சைப் பிள்ளைகள் வழக்கம்போலக் கையைத் தூக்கினார்கள். "மிஸ், நான்! மிஸ், நான்!" அவர் யாரையும் பார்க்கவில்லை. கடைசி வரிசைக்கு வந்தார்.

அங்கே சிலுவை பென்சிலால் மேசையில் படகு வரைந்துகொண்டிருந்தான். பிரகாசி கையைக் கட்டிக்கொண்டு, தொந்தரவே இல்லாத நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். நீல வெளிச்சம் அவள் நாடியில் விழுந்திருந்தது.

ஜோவிட்டா மிஸ் திரையைக் காட்டினார்.

"பிரகாசி, அது என்ன எழுத்து?"

மிஸ் யாரிடம் கேட்கிறார் என்று பார்க்க என் பிள்ளை மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.